ஆல்ப்ஸ் குளிர்கால விடுமுறை: ஸ்கீயிங் செய்யாதவர்கள் கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும், யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "டிசம்பரில் சுவிட்சர்லாந்து போகிறோம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஸ்கீயிங் தெரியாது. அங்கே போய் என்னதான் செய்வது?" என் அக்கா குடும்பத்தோடு பெர்ன் நகரில் இருக்கிறாள். அவள் புண்ணியத்தில் ஆறு குளிர்காலம் அந்தப் பக்கம் போய்வந்திருக்கிறேன். ஒருமுறைகூட ஸ்கீ என்ற நீண்ட சறுக்குப் பட்டையைக் காலில் மாட்டியதில்லை, ஒருநாள்கூடப் பொழுது போகாமல் இருந்ததும் இல்லை. அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். ஆல்ப்ஸ் எட்டு நாடுகளில் பரந்து கிடக்கும் மலைத்தொடர். எல்லாவற்றையும் பற்றிப் பேச முடியாது. இங்கே சொல்வது பெரும்பாலும் பெர்னுக்குத் தெற்கே இருக்கும் பெர்னர் ஓபர்லாண்ட் பகுதி; கூடவே கிழக்கே கிராபுண்டன், தெற்கே வாலிஸ் மாநிலங்களில் ஓரிரு இடங்கள்.

ஸ்கீயிங் செய்யாமல் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் போவதில் அர்த்தம் உண்டா?

நிச்சயமாக உண்டு. சொல்லப்போனால் அங்கே குளிர்கால விடுமுறை முதலில் வந்தது, ஸ்கீயிங் பிறகுதான் வந்தது. சென்ட் மோரிட்ஸில் ஹோட்டல் நடத்திய யோஹான்னஸ் பாட்ருட், 1864இல் கோடை முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஆங்கிலேய விருந்தினர்களிடம் ஒரு பந்தயம் கட்டினார் என்று சொல்வார்கள். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், இங்கே நன்றாக வெயில் அடிக்கும். பிடிக்காவிட்டால் உங்கள் பயணச் செலவு என் பொறுப்பு" என்றாராம். வந்தவர்கள் ஈஸ்டர் வரைக்கும் கிளம்பவே இல்லை என்பது கதை. அவர்கள் ஸ்கீ மாட்டவில்லை. ஆல்ப்ஸில் அது பரவ இன்னும் முப்பது வருடம் போலக் காத்திருக்க வேண்டியிருந்தது. நடந்தார்கள், உறைந்த நீரில் ஸ்கேட்டிங் செய்தார்கள், வெயிலில் உட்கார்ந்தார்கள், ஸ்லெட்ஜ் என்ற சக்கரமில்லாத பனி வண்டியில் உட்கார்ந்து சறுக்கினார்கள். 1883இல் டாவோஸில் பல நாட்டவர் கூடி நடத்திய பந்தயம்கூட ஸ்லெட்ஜ் பந்தயம்தான். அவர்கள் செய்ததையெல்லாம் இன்றைக்கும் நாம் செய்யலாம்.

எந்த ஊரில் தங்குவது?

ஒரே ஊரில் குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். இந்தப் பதிவு முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான். தினமும் ஒரு சிகரம், இரண்டு நாளுக்கு ஒரு ஹோட்டல் என்று ஓடினால் கடைசியில் ரயில் ஜன்னலும் பெட்டி கட்டியதும்தான் நினைவில் நிற்கும். பனி என்பது காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி, விளக்கு வைத்த பிறகு வேறு மாதிரி. அதைப் பார்க்க நின்று நிதானமாக ஓர் இடத்தில் இருக்க வேண்டும்.

பலரும் இன்டர்லாக்கனில் அறை போடுகிறார்கள். விலை பரவாயில்லை, ரயில் வசதியும் உண்டு. ஆனால் அந்த ஊர் 570 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. குளிர்காலத்திலும் பல நாள் தெருவில் பனியே இருக்காது. லாட்டர்புருன்னென் பள்ளத்தாக்கு படத்தில் பார்த்த அதே அழகுதான், 297 மீட்டர் உயர ஸ்டவுப்பாக் அருவியும் ஊரோரமாகவே விழுகிறது. ஆனால் இருபுறமும் செங்குத்துப் பாறை என்பதால் டிசம்பர், ஜனவரியில் வெயில் சீக்கிரமே போய்விடும். வெயிலும் பனியும் சேர்ந்து வேண்டுமென்றால் மேலே இருக்கும் வெங்கன் (1274 மீட்டர்) அல்லது மியூரன் (சுமார் 1640 மீட்டர்). இரண்டு ஊரிலும் கார் கிடையாது. ரயிலிலோ கேபிள் காரிலோதான் போக வேண்டும். இரவில் ஜன்னலைத் திறந்தால் ஒரு வண்டிச் சத்தம் கேட்காது. கடை, உணவகம், விளையாட்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்றால் கிரிண்டெல்வால்ட் (1034 மீட்டர்).

ஒரு சின்ன எச்சரிக்கை. இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து கிளம்பும் ரயில் வழியில் ஸ்வைலூட்ஷினென் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புருன்னெனுக்கு, மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கு. ஏறும் முன் பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்துவிடுங்கள். குடும்பம் இரண்டு பெட்டியில் உட்கார்ந்தால் இரண்டு பள்ளத்தாக்கில் போய் இறங்கும்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசி வாரம், இல்லையென்றால் மார்ச் முதல் பாதி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுவில் வெங்கனில் 1930 முதல் நடந்துவரும் லாவுபர்ஹார்ன் ஸ்கீ பந்தயம். அந்த வாரம் ஊரே நிரம்பிவிடும். பிப்ரவரியில் சுவிஸ் பள்ளிகளுக்கு விடுமுறை. மார்ச்சில் பகல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும், டிசம்பர் கடைசியில் எட்டரை மணி நேரம்தான். நவம்பரில் போகாதீர்கள்: பனியும் சரியாக இருக்காது, கேபிள் கார்கள் பலவும் பராமரிப்புக்காக நின்றிருக்கும்.

ஸ்லெட்ஜ் எங்களால் ஓட்ட முடியுமா? பெரியவர்களும் போகிறார்களா?

பெரியவர்கள்தான் அதிகம் போகிறார்கள். அங்கே அது குழந்தை விளையாட்டு இல்லை, ஊர் வழக்கம். ஜெர்மன் பேசும் சுவிஸ் மக்கள் இதற்கு 'ஷ்லிட்டலன்' என்று ஒரு தனி வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். ஸ்லெட்ஜுக்கென்று தனிப்பாதை உண்டு. இரவில் இயந்திரம் ஓட்டிப் பனியை அழுத்திச் சமன்செய்து வைப்பார்கள். வாடகைக்கு எடுத்து, கேபிள் காரிலோ ரயிலிலோ மேலே ஏறி, சறுக்கி இறங்கி, மறுபடி ஏற வேண்டியதுதான்.

வாடகைக் கடையில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று, மரக்கட்டை வரிசையாக அடித்த பழைய டாவோஸ் ஸ்லெட்ஜ். மற்றொன்று 'ரோடல்': துணி இருக்கை, அடியில் லேசாக வளைந்து கொடுக்கும் சட்டம். முதல்முறை போகிறவர்கள் ரோடல் கேளுங்கள், சொன்ன பேச்சு கேட்கும்.

ஓட்டுவது சுலபம். பின்னால் தள்ளி உட்கார்ந்து, கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் திரும்ப இடது காலை மெல்லத் தரையில் உரசி, உடம்பையும் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். நிறுத்த இரண்டு பாதத்தையும் தட்டையாக வைத்து அழுத்துங்கள். குதிகாலை மட்டும் குத்தினால் பனி அப்படியே எழும்பி முகத்தில் அடிக்கும். கண்ணாடி போடாவிட்டால் இரண்டு நொடி ஒன்றும் தெரியாது. வளைவுக்குள் போன பிறகு பிரேக் போடாமல், வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தலை முன்னால் இருக்கும்படி குப்புறப் படுத்துப் போகவே கூடாது. ஹெல்மெட்டும் வாடகைக்குக் கிடைக்கும், பெரியவர்களும் கட்டாயம் போட வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக விடாமல் உங்கள் முன்னால் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் ஊருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சரிவில் அரை மணி நேரம் பழகினால் போதும்.

எந்த ஸ்லெட்ஜ் பாதை நன்றாக இருக்கும்?

என்னைக் கேட்டால் பிரேடா – பெர்கூன். கிராபுண்டன் மாநிலத்தில் இருக்கிறது. ஆல்புலா கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் வண்டிகளுக்கு மூடப்படும். மூடியதும் அந்தச் சாலையே 6 கிலோமீட்டர் ஸ்லெட்ஜ் பாதையாகிவிடும். பெர்கூனில் சிவப்பு ரயிலில் ஏறி பிரேடாவில் இறங்க வேண்டும். இரண்டு ஊருக்கும் உயர வித்தியாசம் 400 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ரயிலால் அவ்வளவு செங்குத்தாக நேராக ஏற முடியாது. அதனால் மலைக்குள்ளேயே வட்டம் போடும் சுரங்கங்கள், பாலங்கள் என்று சுற்றிச் சுற்றிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடி அந்த உயரத்தைப் பிடிக்கிறது. ஜன்னலில் பார்த்தால் சற்று முன் கடந்த பாலம் இப்போது காலடியில் கிடக்கும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பாதை இது.

நாங்கள் போனது சாயங்காலம். பாதை நெடுக விளக்குப் போட்டிருந்தார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் ஒரு கல்பாலத்துக்கு அடியில் நாங்கள் வரவும் தலைக்கு மேலே ரயில் கடக்கவும் சரியாக இருந்தது. பெட்டிகளின் மஞ்சள் வெளிச்சம் பனிமீது கட்டம் கட்டமாக ஓடி மறைந்தது. ஸ்லெட்ஜை ஓரமாக நிறுத்திவிட்டோம். ரயில் போன பிறகு பாலத்தின் விளிம்பிலிருந்து தூள்பனி மட்டும் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த இரவு மூன்று தடவை ஏறி இறங்கினோம்.

ஆனால் இன்டர்லாக்கனிலிருந்து பெர்கூன் ஐந்து மணி நேரப் பயணம் போல ஆகும். ஒரே நாளில் போய்வர நினைக்காமல் அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள்.

பெர்னர் ஓபர்லாண்டிலேயே வேண்டுமென்றால் கிரிண்டெல்வால்டுக்கு மேலே ஃபௌல்ஹார்ன் சிகரத்திலிருந்து இறங்கும் 15 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. ஃபர்ஸ்ட் என்ற மலை நிலையம் வரை கேபிள் கார், பிறகு இரண்டரை மணி நேரம் ஸ்லெட்ஜை இழுத்துக்கொண்டு ஏற்றம், 2681 மீட்டர் உச்சியிலிருந்து ஊர் வரை 1600 மீட்டருக்கு மேல் இறக்கம். உடம்பு தெம்பாக இருப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் புஸ்ஸால்ப் வரை பேருந்தில் போய் அங்கிருந்து கீழ்ப்பாதியை மட்டும் சறுக்கலாம், அதுவே வயிறு நிறையும் அளவுக்கு இருக்கும்.

கிரிண்டெல்வால்டில் மரச்சைக்கிள் ஒன்று இருக்கிறதாமே?

ஆமாம், அதன் பெயர் வெலோகேமல். சைக்கிள் போலவே ஹேண்டிலும் இருக்கையும் உண்டு. சக்கரத்துக்குப் பதிலாக முன்னும் பின்னும் சறுக்குக்கட்டை. முழுக்க மரம். அந்த ஊர்க்காரர் கிறிஸ்டியான் பூல்மான் 1911இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு காலத்தில் தபால்காரர் கடிதம் கொடுக்கப் போனதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் இதில்தான். 1996 முதல் பிப்ரவரியில் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே நடத்துகிறார்கள். கடையில் வாடகைக்குக் கிடைக்கும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். பிரேக் மட்டும் உங்கள் இரண்டு கால்கள்.

வெறுமனே நடக்க முடியுமா? பனியில் கால் புதையாதா?

நடைக்கென்றே இயந்திரத்தால் அழுத்திய பாதைகள் உண்டு. சுவிட்சர்லாந்தில் கோடை நடைபாதைக்கு மஞ்சள் பலகை, குளிர்கால நடைபாதைக்கு இளஞ்சிவப்புப் பலகை. பனியில் அந்த நிறம் தூரத்திலிருந்தே தெரியும். அதைப் பார்த்து நடந்தால் வழி தவறாது.

முதலில் போக வேண்டியது மான்லிஷென் – கிளைனே ஷைடெக் பாதை. வெங்கனிலிருந்தோ கிரிண்டெல்வால்டிலிருந்தோ கேபிள் காரில் மான்லிஷென் ஏறி, 2061 மீட்டரில் இருக்கும் கிளைனே ஷைடெக் நிலையம் வரை ஒன்றரை, இரண்டு மணி நேர நடை. பெரும்பாலும் லேசான இறக்கம். ஐகர் (3967 மீட்டர்), மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றும் எதிரே வரிசையாக நிற்கும். மோன்ஷ் என்றால் துறவி, யுங்ஃப்ராவ் என்றால் கன்னி. நடை முடிகிற இடத்தில் ரயில் நிலையமே இருப்பதால் திரும்பி நடக்க வேண்டியதில்லை.

மியூரனில் தங்கினால் குட்டி ரயில் பாதையை ஒட்டி வின்டரெக் வழியாக க்ரூட்ஷால்ப் வரை நடக்கலாம். அலுத்தால் வழியில் ரயில் ஏறிக்கொள்ளலாம். ஃபர்ஸ்ட் நிலையத்திலிருந்து பாஹால்ப் ஏரிக்கு ஒரு மணி நேரம். கோடையில் சிகரங்கள் பிரதிபலிக்கும் அந்த ஏரி குளிர்காலத்தில் பனிக்கு அடியில் போய்விடும், தட்டையான ஒரு வெள்ளை வெளிதான் இருக்கும். ஏரியைத் தேடிப் போகாமல் அமைதிக்காகப் போனால் ஏமாற்றமில்லை.

நல்ல குளிரில், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி போல இருக்கும்போது, காலடியில் பனி 'க்ரீச், க்ரீச்' என்று சத்தம் போடும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் மந்தமாகி நின்றுவிடும். இரண்டு நாள் நடந்தால், எவ்வளவு குளிர் என்று காதே சொல்லிவிடும்.

குறிபோட்ட பாதையை விட்டு விலகினால் ஆபத்தா?

ஆபத்துதான். பனிச்சரிவு அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் உயிரைக் குடிக்கிறது. டாவோஸில் இருக்கும் எஸ்.எல்.எஃப். என்ற பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுக்க தினமும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. 1 முதல் 5 வரை அபாய நிலை சொல்வார்கள். 3 என்றால் "நடுவில்தானே இருக்கிறது" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மலையில் அது கணிசமான அபாயம். பாதையை மூடியிருந்தால் மூடியதுதான். நாலு காலடித் தடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறதே என்று நீங்களும் போகாதீர்கள். அகலமான பனிநடைச் சட்டங்களைக் காலில் கட்டிக்கொண்டு ஆழப்பனியில் நடக்க ஆசை என்றால், அதற்கும் குறிபோட்ட பாதைகள் உண்டு. இல்லையென்றால் வழிகாட்டியோடு போங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 144, ஹெலிகாப்டர் மீட்புக்கு ரேகா அமைப்பின் 1414. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்லெட்ஜ் விபத்தும் மலை மீட்பும் அதில் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறைந்த ஏரிமேல் நடக்கலாமா?

அதிகாரப்பூர்வமாகத் திறந்துவிட்டிருந்தால் மட்டும். காண்டர்ஸ்டெக் ஊருக்கு மேலே 1578 மீட்டர் உயரத்தில் ஓஷினன் ஏரி இருக்கிறது. கேபிள் காரில் ஏறி அரை மணி நேரத்துக்குள் நடந்து போய்விடலாம். ஐஸ் போதுமான தடிமன் வந்த பிறகு நடக்க அனுமதிப்பார்கள். ஐஸில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்கலாம். இன்டர்லாக்கனின் இருபுறமும் இருக்கும் தூண், பிரியென்ஸ் ஏரிகள் பெரியவை, ஆழமானவை; அவை உறைவதில்லை.

சென்ட் மோரிட்ஸ் ஏரிமீது 1907 முதல் பிப்ரவரியில் குதிரைப் பந்தயம் நடக்கிறது. அதில் ஒரு வகைப் பந்தயத்தில் குதிரைமேல் ஆளே இருக்கமாட்டார். பின்னால் ஸ்கீ மாட்டியவர் நீண்ட கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்குப் போயே ஆக வேண்டுமா?

வானம் தெளிவாக இருந்தால் போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் இரண்டு நாள் ஸ்லெட்ஜும் நல்ல சாப்பாடும் கிடைக்கும், அதையே செய்யுங்கள். 3454 மீட்டரில் இருக்கும் அந்த நிலையத்துக்கு ஐகர், மோன்ஷ் மலைகளின் உள்ளே ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்து ரயில் விட்டிருக்கிறார்கள். 1896இல் தொடங்கிய வேலை 1912இல்தான் முடிந்தது. தொடங்கிவைத்த தொழிலதிபர் அடோல்ஃப் குயெர்-ஸெல்லர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. மேலே நின்றால் ஆல்ப்ஸின் மிக நீளமான ஆலெட்ஷ் பனியாறு இறங்கிப் போவது தெரியும். மேகம் மூடினால் வெள்ளைச் சுவர்தான். காலையில் அறையிலிருந்தே நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

2020 டிசம்பரில் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கிரிண்டெல்வால்டிலிருந்து 15 நிமிடத்தில், யுங்ஃப்ராவ்யோக் ரயில் ஏறும் ஐகர்க்ளெட்ஷர் நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. வேகம் நல்லதுதான், ஆனால் உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். படி ஏறினாலே மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை வலிக்கும். மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி. அவர்களை அழைத்து வரலாமா?

அழைத்து வாருங்கள். அம்மாவை 67 வயதில் அழைத்துப் போனேன். பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, வழுக்கலுக்கு. மத்தியானம் உருகிய பனி சாயங்காலம் கண்ணாடி போல உறைந்துவிடும். செருப்புக் கடைகளில் ஷூவுக்கு மேலே மாட்டும் ரப்பர் முள்பட்டை கிடைக்கும். போன அன்றைக்கே அதை வாங்கிக் கொடுங்கள். கைத்தடி இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

கேபிள் காரில் ஏறி, மேலே உணவகத்தின் வெயில் திண்ணையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, அதே கேபிள் காரில் இறங்குவது ஒரு முழு நாளுக்குப் போதும். கிராபுண்டனில் சில்ஸ் ஊரிலிருந்து ஃபெக்ஸ் பள்ளத்தாக்குக்கும், பொன்ட்ரெசினாவிலிருந்து ரோசெக் பள்ளத்தாக்குக்கும் குதிரை வண்டி போகிறது. அம்மா இன்றைக்கும் பேசுவது வெங்கனில் பார்த்த ஒரு காட்சியைப் பற்றித்தான்: ஒரு பாட்டி கடையில் வாங்கிய பால், ரொட்டி எல்லாவற்றையும் ஸ்லெட்ஜில் கட்டி, நாய்க்குட்டியை இழுத்துப்போவது போல இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கைக்குழந்தையையும் அப்படித்தான் கூட்டிப் போகிறார்கள், சாய்மானம் வைத்த ஸ்லெட்ஜில்.

வெந்நீர்க் குளியல் பற்றிச் சொல்லுங்கள்.

வாலிஸ் மாநிலத்து லொய்க்கர்பாட், 1411 மீட்டரில் இருக்கும் ஊர். ஊற்று நீர் 51 டிகிரி வரை சூடாக வருகிறது. அதை ஆற்றித்தான் தொட்டிகளில் விடுகிறார்கள். திறந்தவெளித் தொட்டியில் கழுத்துவரை வெந்நீர், தலைக்கு மேலே பனி பெய்துகொண்டிருக்கும். நனைந்த முடியின் நுனி விறைத்துக் குச்சி போல ஆகிவிடும், தொட்டால் நொறுங்குமோ என்று தோன்றும். மறுபடி முங்கினால் சரியாகிவிடும். ஸ்பீட்ஸிலிருந்து லோட்ஷ்பெர்க் அடிச்சுரங்கம் வழியாக விஸ்ப், அங்கிருந்து லொய்க், பிறகு பேருந்து.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குளியல் தொட்டிகளில் நீச்சல் உடை கட்டாயம். ஆனால் அங்கே பொதுவாக சவுனா என்ற வெப்ப அறைப் பகுதியில் ஆண் பெண் எல்லோரும் உடையில்லாமல் இருப்பார்கள். அவர்களுக்கு அது சாதாரணம். டிக்கெட் எடுக்கும்போது குளியல் மட்டும் போதும் என்று சொன்னால் அந்தப் பக்கம் போக வேண்டியதே இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். ஃபோண்டூ என்ற சீஸ் குழம்பில் வெள்ளை வைன் ஊற்றுவார்கள், கூடவே கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயமும் சேர்ப்பார்கள். குழந்தைகளுக்கு என்றால் மது சேர்க்காமல் செய்யச் சொல்லுங்கள். ராக்லெட்டில் அந்தப் பிரச்சினை இல்லை: உருக்கிய சீஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி ஊறுகாய். எனக்குப் பிடித்தது ஆல்ப்ளர்மாக்ரோனன். மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், கிரீம், மேலே பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பார்லி சூப்பிலும் இறைச்சி இருக்கும். இன்னொன்று: க்ரூயேர் போன்ற மரபான சீஸ்களில் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்து முடிவு செய்யுங்கள்.

1980களில் தொடங்கி இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பலர் சுவிஸ் சமையலறைகளில் உழைத்துத்தான் காலூன்றினார்கள். மலைமேல் ஓர் உணவகத்தில் ஃபோண்டூ சொல்லிவிட்டு நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, சமையல்காரர் ஒருவர் வெளியே வந்தார். "அக்கா, அதுக்குள்ள வைன் கிடக்கு, பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ. நான் வேற செய்து தாறன்" என்றார். பத்து நிமிடத்தில் மிளகாய்த்தூள் தூவிய உருளைக்கிழங்கு ரோஸ்ட்டி வந்தது. 2000 மீட்டர் உயரத்தில் அந்தக் காரம் உச்சந்தலை வரை இதமாக ஏறியது.

என்ன உடை வேண்டும்?

ஒரே ஒரு தடிமனான கோட்டை நம்பாதீர்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதற்குமேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். நடக்கும்போது வியர்த்தால் நடுவில் ஒன்றைக் கழற்றலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஸ்லெட்ஜுக்கு நீர் புகாத கால்சட்டை கட்டாயம், அது வாடகைக்கே கிடைக்கும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, குழந்தைக்கு மூன்று. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப்போகும். ஒரே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் போதும். பெரியவர்களுக்குக் குரங்குக் குல்லாவைத் தாராளமாக எடுத்துப் போங்கள். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்க்ரீனும் மறக்கக் கூடாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மோவாய்க்கு அடியிலும் மூக்கின் கீழும்கூடத் தோல் கருகும்.

செலவைக் குறைக்க வழி?

சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் ரயில், பேருந்து, படகு அடக்கம். வெங்கன், மியூரன், கிரிண்டெல்வால்ட் வரை கூடுதல் டிக்கெட் வேண்டாம். அதற்கு மேலே ஏறும் மலை ரயில்களுக்குத் தள்ளுபடி மட்டும். பாஸ் வைத்திருக்கும் பெற்றோரோடு வரும் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் குடும்ப அட்டை கேட்டு வாங்குங்கள். சமையலறையோடு வீடு எடுத்து, மிக்ரோஸ், கோப் கடைகளில் சாமான் வாங்கிச் சமைத்தால் பாதிச் செலவு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாயில் வருவதே நல்ல தண்ணீர்.

வானிலை கெட்டு எல்லாம் நின்றுவிட்டால்?

தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பக்காற்று வீசினால் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒருநாள் வருமென்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ட்ரூம்மல்பாக் அருவி, ஷினிகே பிளாட்டே ரயில், பிரியென்ஸ் ரோத்தார்ன் ரயில் மூன்றும் குளிர்காலத்தில் கிடையாது, அவற்றை நம்பிப் போகாதீர்கள். இன்டர்லாக்கனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெர்ன். பழைய நகரத்தில் கல்வளைவுக் கூரைக்கு அடியிலேயே கிலோமீட்டர் கணக்கில் நனையாமல் நடக்கலாம். அய்ரோப்பாப்ளாட்ஸ் என்ற இடத்தில் 2014 டிசம்பரில் திறந்த 'சமயங்களின் இல்லம்' இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை, கூடவே சைவநெறிக்கூடம் நடத்தும் சிவன் கோயில். அங்கே பூசை தமிழில் நடக்கும். வெளியே சறுக்குகிற பனி, உள்ளே தேவாரம். அம்மா அன்றைக்குச் சாயங்காலம் வரை அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வெங்கன் போங்கள். காலையில் லாட்டர்புருன்னெனில் பல்சக்கர ரயில் பிடித்தால் கால் மணி நேரத்தில் ஊர். அங்கிருந்து கேபிள் காரில் மான்லிஷென், பிறகு கிளைனே ஷைடெக் வரை நடை. மத்தியானம் அங்கேயே சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு ரயிலில் வெங்கனுக்கு இறங்குங்கள். குழந்தைகள் இருந்தால் ஸ்லெட்ஜை வாடகைக்கு எடுத்து, வெங்கர்னால்ப் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து சறுக்கி வரலாம். நாலரை, ஐந்து மணிக்குத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திட்டில் போய் நில்லுங்கள். கீழே பள்ளத்தாக்கு இருட்டிவிட்டிருக்கும், வீடுகளில் விளக்கு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். யுங்ஃப்ராவ் உச்சியில் மட்டும் வெயில் கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். அது முழுக்க மறைந்த பிறகு நிலையத்துக்கு நடந்தால் போதும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் காலையிலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.